கடைசிப் பக்கத்து வீடு

“நீ படிச்ச பொண்ணும்மா. படிச்சவங்களுக்கு நாலு வயசுப் புள்ளைக்குப் பாட்டு எழுத வராது. பாதியிலேயே அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க.”

ஒரு நர்சரி பள்ளியில் வேலை கேட்டுப் போன அன்று மேடம் என்னிடம் சொன்னது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செட்டிகுளம் பக்கத்தில் அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் நட்டு, பிடுங்கி, தாள் அரிந்துதான் என்னைப் படிக்க வைத்தார்கள். தமிழில் பட்டமும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் வாங்கியிருந்தேன். ‘படிச்ச பொண்ணு’ என்பதை ஊரில் யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

“எழுதிக் காட்டட்டுங்களா?” என்றேன். கோபத்தில்தான் கேட்டேன்.

“காட்டு. ஆட்டுக்குட்டி” என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்க்குள் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ரெண்டு வரி நல்லா ஆடுச்சு. மூணாவதுல புள்ள விழுந்துடுச்சு” என்றார். “பரவால்ல, பழகிக்கலாம். படம் வரைவியா?”

எந்தப் பிள்ளை, எங்கே விழுந்தது என்று எனக்குப் புரியவில்லை. வரைவேன் என்று மட்டும் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது.

அங்கே வேலை பார்த்த கணக்கு மிஸ்தான் பிறகு விளக்கினார். “மேடம் பாட்டு படிக்கிறப்ப மூஞ்சியப் பாக்காத, முட்டியப் பாரு.”

பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் படிக்கும்போது, கஞ்சி போட்ட காட்டன் புடவைக்குள் அவருடைய வலது முழங்கால் மேலும் கீழும் ஆடும், மடியில் ஒரு குழந்தையை வைத்து ஆட்டுவதைப் போல. வரி சரியாக இருந்தால் ஆட்டம் நிற்காது. ஓசை தட்டினாலோ, வேண்டாத சொல் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தாலோ, முழங்கால் சட்டென்று நின்றுவிடும். “புள்ள விழுந்துடுச்சு” என்பார். அவர் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. நிற்பது அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்த பேராசிரியர்கள் யாரும் யாப்பை அவ்வளவு துல்லியமாகப் பிடித்ததில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையோரத்தில் இருந்தது அந்த நர்சரி பள்ளி. நாள் முழுக்க சிமெண்ட் லாரிகள் போகும். காலையில் துடைத்த பெஞ்சில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். தாளாளரும் தலைமை ஆசிரியரும் அவர்தான். வீடும் பள்ளிக்குப் பின்புறமே. ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகள் எல்லாருக்கும் பதினாறு பக்கத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் கொடுப்பார். பாட்டெல்லாம் அவர் எழுதியவை. படம் ஆசிரியைகள் வரைய வேண்டும். பெரம்பலூர் டவுனில் ஓர் அச்சகத்தில் கலரில் அடித்து வரும்.

அவர் பாட்டு ஒன்று இன்னும் எனக்கு வாயில் வருகிறது.

வெள்ளை வாத்து வெளியே போச்சு
பள்ளம் மேடு பார்க்கப் போச்சு
மேகம் கூடி இருட்டிப் போச்சு
வேகமாக வீடு வந்தாச்சு

எல்லாப் பாட்டும் இப்படித்தான் முடியும். ஆடு போனால் ஆடு வரும். அரும்பாவூர் பஸ் போனால் அரும்பாவூர் பஸ் திரும்பி வரும். கைநழுவிப் பறந்த பலூன்கூட, எங்கெங்கோ சுற்றிவிட்டு, வீட்டுக் கொடியில் நூல் சிக்கி வந்து நிற்கும். மழை மேகத்துக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்த பாட்டு ஒன்றும் உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஒரே படம். ஒரு வீடு, சாத்திய கதவு, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். முதல் வருஷம் நான் கதவைக் கொஞ்சம் திறந்திருப்பதுபோல வரைந்தேன்.

“காத்து வரும்மா. சாத்து” என்றார்.

சாத்தினேன். மூன்று வருஷத்தில் அந்த வீட்டை மூன்று முறை வரைந்தேன்.

மாலை மூன்றரைக்குப் பள்ளி விடும்போது மேடம் கேட்டில் நிற்பார். ஒவ்வொரு பிள்ளையும் அவர் முன்னால் நின்று “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். டாட்டா, பை பை எதுவும் செல்லாது. மறந்து டாட்டா சொன்ன பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பி, மறுபடி நடந்து வரச் சொல்லி, சரியாகச் சொன்ன பிறகுதான் விடுவார். ஒருமுறை கேஸ் சிலிண்டர் போட வந்த அண்ணன் “வரட்டுங்களா” என்று சொல்லாமல் வண்டியை எடுத்துவிட்டார். “ஏம்ப்பா, சொல்லிக்கிட்டுப் போறது கெடையாதா?” என்று சாலை வரை போய்விட்டார். அந்த அண்ணன் அதற்குப் பிறகு சிலிண்டரை இறக்கும்போதே சொல்லிவிடுவார்.

சிரிப்புதான். ஆனால் அந்தக் கேட்டில் ஒரு பிள்ளையைக்கூட அவர் கணக்குத் தப்பவிட்டதில்லை.

எல்.கே.ஜி.யில் ஆயிஷா என்று ஒரு பெண் இருந்தாள். லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள். அவள் படிப்புக்காக அம்மாவும் அவளும் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்திருந்தார்கள். வாப்பா சவுதியில். ஒருநாள் அவள் அம்மா ஊருக்குப் போன இடத்தில் மழை பிடித்து, திரும்பி வர பஸ் கிடைக்கவில்லை. பள்ளியே காலியாகிவிட்டது. ஆயிஷா உதட்டைப் பிதுக்கினாள். மேடம் அவளைத் தூக்கி வலது முழங்காலில் உட்கார வைத்து, வாத்துப் பாட்டில் ஆரம்பித்தார். அவள் அம்மா நனைந்துகொண்டே ஓடிவந்தபோது மணி ஆறாகியிருந்தது. அதுவரைக்கும் முழங்கால் நிற்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு எழப் பார்த்தார், கால் மரத்துப்போய் முடியவில்லை. நானும் ஆயாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

அதே ஆயிஷாதான் விமானப் பாட்டு சொல்லிக் கொடுத்தபோது கையைத் தூக்கினாள். வானத்தில் போன விமானம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கும் பாட்டு அது.

“மிஸ், எங்க வாப்பா இன்னும் வரல. பாட்டுல மட்டும் ஒடனே வந்துடுறாங்க.”

வாசலில் நின்ற மேடம்தான் சொன்னார். “வருவாரு. பாட்டு முன்னாடி வந்துடுச்சு, வாப்பா பின்னாடி வர்றாரு.”

ஆயிஷா ஒத்துக்கொண்டாள். அந்த மாதிரி ஒரு பதில் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

இனி பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேடம் அறையில் ஒரு சாம்பல் நிற இரும்பு பீரோ. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொரு ஆசிரியையின் அசல் சான்றிதழ்களும் அதற்குள் போய்விடும். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், பட்டம், பட்டயம், சாதிச் சான்றிதழ் எல்லாம். நடு வருஷத்தில் யாரும் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பல தனியார் பள்ளிகளில் இப்படி வாங்கி வைக்கிறார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். சாவி மேடத்தின் முந்தானை முடிச்சில் இருக்கும்.

“பத்திரமா இருக்கும்மா. உங்க வூட்டுல கரையான் அரிச்சிடும்.”

எங்கள் வீட்டில் கரையான் உண்டுதான். பார்க்காமலே அவர் சொன்னது எனக்குச் சுட்டது. அந்தச் சான்றிதழ்களை அம்மா ஈரக் கையால் தொட்டதில்லை. சேலையில் இரண்டு முறை கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கிப் பார்ப்பாள். எழுத்து தெரியாது, முத்திரையைத் தடவிப் பார்ப்பாள்.

ஒவ்வொருவர் கோப்பிலும் மேடம் தன் கையால் பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைவார். “உங்க வூட்டு வாசல்ல என்ன பூ?” என்று கேட்டார். கணக்கு மிஸ் கோப்பில் மல்லிகை, இன்னொருவர் கோப்பில் செம்பருத்தி. எனக்குக் கரையான் சூடு ஆறவில்லை. “எருக்கம்பூதாங்க மேடம்” என்றேன் வீம்பாக. அவர் முகம் மாறவில்லை. ஊதா ஸ்கெட்ச்சை எடுத்து, ஐந்து இதழும் நடுவில் கிரீடமுமாக, அப்படியே ஓர் எருக்கம்பூவை வரைந்தார். அவ்வளவு அழகாக அந்தப் பூவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பிறகு பீரோவைப் பூட்டினார்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வராது. மறுப்பதும் இல்லை. “பரீட்சை முடியட்டும்” என்பார். பரீட்சை முடிந்தால் “புத்தகம் வரட்டும்.” புத்தகம் வந்தால் “அட்மிஷன் நேரம்மா, இப்பப் போயி.” கல்யாணம் என்றால் மட்டும் கொடுப்பார். அதனால் ஓவிய மிஸ் ஒரு வேலை செய்தார். அவருக்கு அரியலூரில் வேறு பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தெரிந்த அச்சகத்தில் சொல்லி ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்து, மாமன் மகன் பெயரை மாப்பிள்ளையாகப் போட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு மேடத்திடம் வைத்தார். மேடம் கண் கலங்கி, அன்றைக்கே கோப்பை எடுத்துக் கொடுத்தார்.

முகூர்த்த நாளன்று காலையில் பள்ளி வேன் வாசலில் நின்றது. “ஏறுங்க எல்லாரும். நம்ம புள்ள கல்யாணம்” என்றார் மேடம். கணக்கு மிஸ் என் கையைக் கிள்ளினார். பத்திரிகையில் போட்டிருந்த அரியலூர் மண்டபத்துக்கு வேன் போய்ச் சேர்ந்தது. அங்கே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது, வேறு யாருடையதோ. மேடம் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்தார். பிறகு நேராக மேடைக்குப் போய், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தி, கையில் கொண்டுவந்த பொட்டலத்தைக் கொடுத்தார். ஓவிய மிஸ்ஸுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அவரே எழுதி, அவரே படம் வரைந்து, நூல் கோத்துத் தைத்த பாட்டுப் புத்தகம் அது.

“சாப்புட்டுப் போவோம். வந்துட்டமுல்ல” என்றார்.

சாப்பிட்டோம். மேடம் பாயசம் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் எல்.கே.ஜி.க்குப் புதுப் பாட்டு ஒன்று வந்தது. பொய் சொல்லிவிட்டுப் பறந்த காக்கா, பசியெடுத்துக் கூட்டுக்கே திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையும் செல்லாமல் போனது.

அவருக்கு ஏன் இப்படி என்று ஆசிரியைகள் பலவிதமாகப் பேசிக்கொள்வார்கள். மகன் வெளிநாடு போனவன் வரவே இல்லை என்பார்கள். பிள்ளையே கிடையாது என்பார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

மூன்றாம் வருஷம், அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் தேர்வில் நான் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அரியலூர் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எட்டு நாள் இருந்தது. அசல் இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றினாள். நான் பள்ளிக்கு ஓடினேன்.

“அசல் வேணுங்க மேடம்.”

கடிதத்தை முழுவதும் படித்தார். “சந்தோசம்மா” என்றார். உண்மையான சந்தோஷம்தான், கண்ணில் தெரிந்தது. “இந்த வருசப் புத்தகத்துக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்கு. கடைசிப் பாட்டு. நீ எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்க.”

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று மதியமே ஒரு கோழிப் பாட்டை எழுதிக் கொண்டுபோனேன். முழங்கால் ஆடியது. கோழி கூடைக்குத் திரும்புகிற வரியில் நின்றது.

“வூட்டுக்கு வர்ற எடத்துல புள்ள விழுந்துடுச்சு. மனசார எழுதல நீ.”

மறுநாள் ஒரு தட்டான், அதற்கு மறுநாள் ஒரு சைக்கிள். இரண்டும் வீட்டு வாசலுக்கு வந்ததும் விழுந்தன. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை முழங்காலையே உற்றுப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அது தானாகத்தான் நின்றது. நான்கு நாள் போய்விட்டது. பீரோவுக்குள் என் மதிப்பெண் பட்டியல், அதன் மேல் ஊதாப் பூ, அதற்கு மேல் பூட்டு. வகுப்பில் நின்று வெள்ளை வாத்து பாடும்போதெல்லாம் நானும் அந்த வாத்தும் ஒரே கதவுக்குள் இருப்பதாகத் தோன்றியது.

ஐந்தாம் நாள் காலை, ஜன்னல் வழியாக, விதையைச் சுமந்துகொண்டு, ஓர் எருக்கம்பஞ்சு வகுப்புக்குள் வந்தது. முப்பது பிள்ளைகளும் பெஞ்சை விட்டு எழுந்து அதன் பின்னால் ஓடினார்கள். அது யார் கையிலும் படாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த ஜன்னல் வழியாகச் சாலைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், ஓர் அடித்தல் இல்லாமல்.

எருக்கம் பஞ்சு பறந்து போச்சு
தெருவைத் தாண்டிப் பறந்து போச்சு
லாரி மேலே குந்திப் போச்சு
ஏரி தாண்டி எங்கோ போச்சு
எங்கே போச்சு, யாருக்குத் தெரியும்?
அங்கே ஒருநாள் பூவும் விரியும்

மேடம் படித்தார். முழங்கால் ஆடியது. ஐந்தாவது வரியைத் தாண்டியது. ஆறாவதையும் தாண்டியது. பாட்டு முடிந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார். மறுபடியும் நிற்கவில்லை.

“இது திரும்பி வரலையே” என்றார்.

“எருக்கம்பஞ்சு திரும்பி வராதுங்க மேடம்.”

“எனக்குத் தெரியாதா?” சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். “போனது எங்க இருக்குன்னு தெரியலைன்னா புள்ளைங்க தூங்காதும்மா. நான் பாத்திருக்கேன்.” கடைசி இரண்டு வரியையும் மெதுவாக, ஸ்கேல் வைத்ததுபோல நேராக, அடித்தார். “இத மட்டும் மாத்திட்டு வா. எடுத்துட்டுப் போ.”

வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா சத்தம் போட்டாள். “ரெண்டு வரிக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் அடுத்தவங்க காட்டுல எத்தன பேச்சு கேட்டுக்கிட்டு வந்திருப்பேன்! அவங்க சொல்றத எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டு வா பாப்பா.”

அப்பா மட்டும் கேட்டார். “நீ எழுதுனது நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுப்பா.”

“அப்பக் கஷ்டந்தான்” என்றார்.

மறுநாள் காலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கும் தேடிக் களைத்துப் போனோம்
இங்கே வீட்டில் இருக்கக் கண்டோம்

எதுகையில் குறை சொல்ல முடியாது. மேடம் படித்தார். ஐந்தாவது வரியில் முழங்கால் நின்றது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். நின்றுபோன முழங்காலின் மேல் அவர் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், விழப்போகும் பிள்ளையைப் பிடிப்பதுபோல.

“நல்லா இருக்கு” என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

கோப்பு என் கைக்கு வந்துவிட்டது. அன்று மதியம் அந்தப் பாட்டை எல்.கே.ஜி.க்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார், சொல்லிக் கொடுத்தேன். கடைசி வரி வந்ததும் ஆயிஷா கையைத் தூக்கினாள்.

“பஞ்சுக்கு ரெக்கை இல்லையே மிஸ். அது எப்படித் திரும்பி வந்துச்சு?”

“காத்து கொண்டாந்து விட்டுடுச்சு” என்றேன். ஆயிஷா நம்பவில்லை. மேடம் மாதிரி சொல்ல எனக்கு வராது என்று சொன்னேன் அல்லவா.

மூன்றரைக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். மேடம் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று. “போயிட்டு வரேங்க மேடம்” என்றேன். சிரித்துக்கொண்டே வழி விட்டார். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

இப்போது ஜெயங்கொண்டம் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். சேர்ந்த வருஷமே மேடத்தின் புத்தகம் தபாலில் வந்தது. கடைசிப் பாட்டு என்னுடையது, அதன் கீழே என் பெயர். எதிர்ப்பக்கத்தில் யாரோ புது மிஸ் வரைந்த வீடு, சாத்திய கதவு, மஞ்சள் வெளிச்சம். எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா தெருவெல்லாம் காட்டினாள். அப்பா என் பெயரின் மேல் விரலை வைத்து, “இது நீ எழுதுன அந்த நல்ல பாட்டா?” என்றார். “மொதல் நாலு வரிப்பா” என்றேன். அவர் விரலை எடுத்துவிட்டார்.

போன மாதம் ஒரு புத்தகத்தின் பதினாறு பக்கத்துக்கும் நானே படம் வரைந்து முடித்து, பெரம்பலூரில் அதே அச்சகத்தில் கொடுத்தேன். ஒரே பாட்டு, நான் முதலில் எழுதிய அதே ஆறு வரி. கடைசிப் பக்கத்தில் வீடு இல்லை. சாலையோரம், லாரித் தூசி படிந்த ஓர் எருக்கஞ்செடி, அதில் ஐந்து இதழும் நடுவில் கிரீடமுமாக ஓர் ஊதாப் பூ. அது அவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தது.

முதல் பிரதியை மேடத்தின் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. ரசீதை அந்தக் கோப்புக்குள், என் மதிப்பெண் பட்டியலுக்கு மேல் வைத்திருக்கிறேன்.